மலை இறங்கிய வாடி

இன்று காலை அலுவலகத்துக்கு ஒரு மலையின் புதுப் படம் வந்து சேர்ந்தது. ட்ரோனைப் பறக்கவிட்டு எடுத்த படங்களை ஒன்றாக ஒட்டி, உயரங்களைக் கணக்கிட்டு அனுப்பியிருந்தார்கள். திறந்ததும் எந்த மலை என்று எனக்குப் பிடிபடவில்லை. எங்கும் பச்சை. புல்லும் புதரும் மண்டிக் கிடந்தன. வழக்கம்போல் உயரக் கோடுகளை அதன்மேல் போட்டேன். கோடுகள் ஒழுங்காக இறங்கி வந்து, ஓரிடத்தில் சட்டென்று உள்ளே குழிந்து, யாரோ பெரிய கரண்டியால் வழித்து எடுத்ததுபோல் வளைந்து, கீழே விசிறியாக விரிந்தன. அப்போதுதான் தெரிந்தது. அது உன் மலை.

மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். "இன்னாடி, பேயக் கண்ட மாதிரி குந்திகினு கீற?" என்று நீ பின்னாலிருந்து கேட்பாய் என்று என் உடம்பு காத்திருந்தது. நிஜமாகவே நாற்காலியைத் திருப்பிப் பார்த்தேன். இப்போது உன் இடத்தில் உட்காரும் பெண் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஏதோ வேலையாக இருந்தாள். என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். நானும் புன்னகைத்துவிட்டு மறுபடி திரையின் பக்கம் திரும்பினேன். மலை அங்கேயே இருந்தது.

உனக்குத் தமிழ் படிக்க வராது. இந்தப் பூனாவின் கட்கியில் பிறந்து, மராத்திப் பள்ளியில் படித்து, வீட்டுக்குள் மட்டும் தமிழ் பேசி வளர்ந்தவள் நீ. உன் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். நான் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காகப் பூனாவுக்கு வந்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் போனில் அம்மாவிடம் "சாப்டாச்சுங்கம்மா, நாளைக்குப் பேசறனுங்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, "அரே, இது இன்னா தமிழ்? பாட்டு மாதிரி கீது" என்று பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்தாய். அத்தனை பேர் இந்தியும் மராத்தியும் இங்கிலீஷும் பேசும் அந்த அறையில் அதன் பிறகு நாம் பேசியதெல்லாம் தமிழ்தான். அதனால் இதையும் தமிழில்தான் எழுத வருகிறது. நீ இருந்திருந்தால் "நீயே படி, நான் கேட்டுகினு பன் சாப்புடறேன்" என்றிருப்பாய்.

பன் என்றதும் கேம்ப்பில் அந்த இரானி ஓட்டல் நினைவுக்கு வருகிறது. நம் நிறுவனம் என்ன செய்கிறது என்று எனக்கு முழுதாகப் புரிய வைத்தவள் நீதான், அந்த ஓட்டலில். நிலம் வாங்குகிறவர்களும் அதற்குக் கடன் கொடுக்கிறவர்களும் பார்ப்பதற்காக வரைபடங்கள் செய்தோம். ஒரு ஸர்வே நம்பரைத் தொட்டால் அந்த இடத்தின் எல்லை, மேலே மண், அடியில் பாறை, வெள்ளம் வருமா, சரிவு எவ்வளவு என்று எல்லாம் தெரிய வேண்டும். எல்லைகளை வரைவது என் வேலை. அடியில் என்ன இருக்கிறது என்று சொல்வது மண்ணியல் படித்த உன் வேலை. நீ மஸ்கா பன்னைப் பிரித்துக் காட்டினாய். "இதோ பார், மேல ஒரு பாறை, கீழ ஒரு பாறை. நடுவுல வெண்ணெய். நம்ம சஹ்யாத்ரி மலை பூரா இப்டித்தான். எரிமலைக் குழம்பு அடுக்கடுக்கா ஓடிச்சு இல்ல, ரெண்டு அடுக்குக்கு நடுவுல செவப்பா ஒரு களிமண் கீது. மேலப் பாறை வெடிச்ச பாறை, தண்ணிய உள்ள வுடும். செவப்புக் களி வுடாது. அதனால தண்ணி அங்க நின்னுடும்." தட்டைச் சற்றே சாய்த்தாய். மேல் பாதி மெல்ல வழுக்கி உன் கையில் விழுந்தது. "அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அதைத் தின்றாய்.

நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் அன்று டீ ஆறிய பிறகு இன்னொன்றும் சொன்னாய். கல்லூரியில் படிக்கும்போது மலை சரிந்த ஒரு கிராமத்துக்கு உங்களைப் பார்க்கக் கூட்டிப் போனார்களாம். சேறு காய்ந்து கெட்டிப்பட்டிருந்ததாம். வீடுகள் ஒன்றும் இல்லை. "ஒரு கதவு மட்டும் நிலையோட நின்னுகினு இருந்துச்சுடி. பின்னாடி ஒண்ணுமே இல்ல. அதைத் தட்டலாமான்னு எனக்குத் தோணுச்சு." தட்டினாயா என்று கேட்டேன். "பயமா இருந்துச்சு. யாராவது தெறந்துட்டா?" என்றாய்.

அதைக் கேட்டுவிட்டு நான் இன்னொரு டீ சொன்னேன்.

நாம் அந்த மலைக்கு முதலில் போனது அதன் அடியில் இருந்த குடியிருப்புக்காக அல்ல. மலையின் அந்தப் பக்கம், ஏரியைப் பார்த்த சரிவில், வார விடுமுறை வீடுகளுக்கென்று மனை பிரித்திருந்தார்கள். அதைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். மனைகளுக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. ஆனால் நீ உச்சிவரை ஏறினாய். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தேன். உச்சியில் மாடு மேயும் புல்வெளியின் நடுவே ஒரு வெடிப்பு. என் கண்ணுக்கு அது கோடைக் காலத்தில் வயலில் விழும் வெடிப்பு போலத்தான் இருந்தது. நீ குந்தி உட்கார்ந்து அதற்குள் கையை விட்டாய். முழங்கைவரை போயிற்று. பிறகு அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தாய். மனைகளின் பக்கம் அது போகவில்லை. எதிர்ப்பக்கம் வளைந்து, பிறை போல இறங்கியது. அங்கே நின்று கீழே பார்த்தோம்.

நேர் கீழே ஒரு வாடி. நம் ஊரில் பட்டி என்பதுபோல இங்கே சின்னக் குடியிருப்புக்கு வாடி என்று பெயர். ஓட்டு வீடுகள், நெல் வயல் படிகள், ஓடைக்கு அருகே ஒரு பள்ளிக்கூடம், ஓடையைத் தாண்டி ரோடு, ரோட்டோரம் மாருதி கோயில். யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். நீ திரும்பி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். வழுக்கும் என்பதற்காகப் பிடித்திருக்கிறாய் என்று நினைத்தேன்.

மேலாளர் உன் அறிக்கையைப் பார்த்துவிட்டு, அவர் பங்குக்கு நியாயமாகத்தான் சொன்னார்: அந்தச் சரிவு நம் வேலையின் எல்லைக்கு வெளியே. "சார், வெடிப்பு நம்ம பார்டரைப் பார்த்து நிக்கலையே" என்று நீ இந்தியில் சொன்னாய். அவர் யோசித்தார். தாலுகா அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம், அதற்கு மேல் நம்மால் முடியாது என்றார். கடிதம் போயிற்று. அத்துடன் நீ நிற்கவில்லை. ஞாயிறு காலைகளில் உன் ஸ்கூட்டர் என் ஆகுர்டி வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். "வாடி, வாடிக்குப் போலாம்" என்பாய். ஒவ்வொரு தடவையும் அதைப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் நீயே சிரிப்பாய்.

வெடிப்பின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பிகளை அடித்து, நடுவே இருக்கும் தூரத்தை அளந்து வைத்தாய். மழை வருவதற்கு முன் வாடியில் வீடு வீடாகப் போய்ச் சொன்னாய். உன் மராத்தியைக் கேட்டு அவர்கள் நீ இந்த மண்ணின் பெண் என்றே நினைத்தார்கள். எல்லோரும் உன்னைத் தாயி என்றார்கள். மராத்தியில் அதற்கு அக்கா என்று அர்த்தம். என் காதில் அது எப்போதும் தாய் என்றே விழும்.

அந்த ஆண்டு மழை கொட்டித் தீர்த்தபோது நீ தாலுகா அதிகாரியின் அறையில் போய் உட்கார்ந்துகொண்டாய். கடைசியில் அவர் ஜீப் அனுப்பினார். வாடி மக்களை எல்லாம் மாருதி கோயில் மண்டபத்தில் கொண்டுவந்து தங்க வைத்தார்கள். சில நாட்கள் மழை பெய்தது. மலை அசையவில்லை. மழை விட்டது. அவர்கள் ஈரமான பாயையும் பாத்திரத்தையும் சுமந்துகொண்டு வீடு திரும்பினார்கள். வீட்டில் கட்டிவிட்டு வந்த கோண்டாபாயின் கன்று குளிரில் செத்துக் கிடந்தது.

கோண்டாபாய் ஒற்றை மனுஷி. கணவன் இல்லை, மகன்கள் மும்பையில். ஒரு துண்டு நெல் வயலும் ஒரு பசுவும்தான் அவளுக்கு. நீ அடுத்த முறை போனபோது நானும் உடன் இருந்தேன். அவள் வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி மராத்தியில் சொன்னாள்: "உன் மலை விழல. என் கன்னுதான் விழுந்துச்சு. இனிமே என் வாசப்படி ஏறாத."

நீ திரும்பும் வழியில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே, காற்றில் கத்தினாய்: "அவ சொல்றது சரிதான்டி. மாட்டப் பத்தி நான் யோசிக்கவே இல்ல. ஆளுங்களை மட்டும் கணக்குப் போட்டேன்." அந்தக் கன்றை நினைத்து நீ அழுதாய் என்று பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். உன் தோள் குலுங்கியது.

நான் உன்னைக் கேட்டேன், அலுத்துப் போகவில்லையா என்று. நீ போகாமல் இருந்தால் யாரும் உன்னைக் கேட்கப் போவதில்லை என்றும் சொன்னேன். "நான் போலைன்னா எனக்குத் தூக்கம் வராது. போனா அவங்களுக்குத் தூக்கம் வராது. ரெண்டுல ஒண்ணு" என்றாய். அடுத்த கோடை முழுக்கப் போய்க்கொண்டே இருந்தாய். வாடிப் பெண்கள் மறுபடியும் உனக்கு டீ கொடுக்கத் தொடங்கினார்கள். கோண்டாபாய் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்தக் காலையை எழுதாமல் தாண்டிவிட முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். அந்த வாரம் முழுக்க மழை. எனக்குக் காய்ச்சல் விட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. நீ வாசலில் ஹாரன் அடிக்காமல் நேராகப் போய்விட்டாய். நான் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது உன் போன் வந்தது. மழைச் சத்தம்தான் முதலில் கேட்டது. அப்புறம் உன் குரல். "கம்பி ரெண்டும் வெலகிப் போச்சுடி. என் கைய நீட்டினாக்கூட எட்டல. கீழ ஊத்து வேற கலங்கலா வருது. செவப்பா. நான் எறங்கறேன். நீ கலெக்டர் ஆபீஸுக்குப் போன் போடு, அவங்க கேட்டா எடத்தைச் சொல்லு."

"நீ ரோட்டுக்குப் போயிரு புள்ள. அங்கிருந்து கூப்பிடு" என்றேன்.

"சரி, சரி. வை" என்றாய்.

நான் போன் போட்டேன். எடுத்தவர் ஊர்ப் பெயரைக் கேட்டார். சொன்னேன். அப்படி ஒரு ஊர் அவர் பட்டியலில் இல்லை என்றார். வாடி தனிக் கிராமம் இல்லையே, பெரிய கிராமத்தின் பெயரில்தானே எல்லாம் பதிவாகியிருக்கும். மடிக்கணினியைத் திறந்து இடத்தின் எண்களைச் சொன்னேன். அவர் பொறுமையாக எழுதிக்கொண்டார். ஆளை அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பினார்கள்தான். நடுவழியில் மரம் விழுந்து ரோடு அடைத்திருந்தது. அதற்குப் பிறகு உன் போன் அடிக்கவே இல்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாய் என்று ஒரு பெண் மராத்தியில் சொன்னாள். திரும்பத் திரும்ப அதே பெண், அதே அமைதியான குரலில்.

அங்கே நடந்ததை எனக்குச் சொன்னது கோண்டாபாய்தான். ரோடு திறந்து நான் போய்ச் சேர்ந்தபோது மாருதி கோயில் மண்டபத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை அடையாளம் கண்டதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்குமே, அது அடிக்கும் சத்தம் கேட்டதாம். ஞாயிற்றுக்கிழமை எதற்கு மணி என்று எரிச்சலோடு வெளியே வந்திருக்கிறாள். நீ நின்று கல்லால் அடித்துக்கொண்டிருந்தாய். உடம்பெல்லாம் சிவப்புச் சேறு. 'எல்லாத்தையும் விட்டுட்டு ஓடை தாண்டி ஓடுங்க' என்று கத்திக்கொண்டே அடித்தாயாம். இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் கிளம்பியிருக்கிறார்கள். மற்றவர்கள் வாசலில் நின்று பார்த்திருக்கிறார்கள். போன வருஷம் போலத்தான் ஆகும் என்று யாரோ சொன்னார்களாம்.

"நானும் நகரல," என்றாள் கோண்டாபாய். "நகர மாட்டேன்னு நின்னேன். அவ கல்லைக் கீழ போட்டுட்டு நேரா என் கொட்டாய்க்கு வந்தா. என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. என் பசுவோட கயித்தை அவுத்தா. அதோட முதுகுல ஓங்கி ஒரு அடி. பசு ஓடைப் பக்கம் ஓடுச்சு. பசு ஓடினா நான் என்ன பண்ணுவேன்? அது பின்னால ஓடினேன். நான் ஓடறதைப் பார்த்துட்டு எல்லாரும் அவங்கவங்க மாட்டை அவுத்துவிட்டுட்டு ஓடி வந்தாங்க. கோண்டாவே ஓடுறா, அப்படின்னா நெஜம்தான்னு."

ஓடையைத் தாண்டி ரோட்டில் ஏறி நின்று பார்த்தபோது மேல் வரிசை வீடுகளிலிருந்து இன்னும் சிலர் வரவில்லை. நீ மறுபடி பள்ளிக்கூடத்துக்கு ஏறிக்கொண்டிருந்தாய். மறுபடி மணி கேட்டது.

"அப்புறம் லாரி கல்லு கொட்டுற மாதிரி சத்தம். மரமெல்லாம் நின்னபடியே நடந்து வந்துச்சு. நான் பார்த்தேன்மா. மரம் நின்னுக்கிட்டே கீழ வந்துச்சு. பள்ளிக்கூடம் தெரியல. ஆனா மணி கேட்டுது. மலை வந்ததுக்கு அப்புறமும் கேட்டுது."

மேல் வரிசையிலிருந்து வராதவர்களை ஒவ்வொருவராகத் தோண்டி எடுத்தார்கள். எல்லோரும் கிடைத்தார்கள். நீதான் கிடைக்கவில்லை. மோப்ப நாய்கள் வந்தன. ராணுவத்தினர் வந்தார்கள். கட்கியிலிருந்து உன் பள்ளித் தோழர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஒரு நாள் மாலை, மேற்கொண்டு தோண்டினால் மறுபடி சரியும் என்று நிறுத்திவிட்டார்கள். அந்த முடிவு சரி என்று உன்னைப் போல் மண் படித்த யாரும் சொல்வார்கள். நீயேகூடச் சொல்லியிருப்பாய்.

உன் அம்மா அழவில்லை. உன் போட்டோவை அலமாரியிலிருந்து எடுத்துத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். மாலை போடவில்லை. உறவினர்கள் காரியத்தைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "ஒடம்பப் பாக்காம நான் இன்னாத்தச் செய்வேன்? அவ வந்து கேட்டா?" என்றாள். நீ பயந்த கதவு இப்போது உன் வீட்டுக் கதவாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் என்னை வரச் சொன்னாள். போனேன். கட்கிச் சந்துக்குள் உங்கள் வீட்டில் மீன் குழம்பு வாசனை. சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டு முடித்ததும் மடிக்கணினியைத் திறக்கச் சொன்னாள்.

"நீ மேப்பு வேலைதானே பண்ற? எந்தக் கல்லு எங்க கீதுன்னு உனுக்குத் தெரியுமே. எம் பொண்ணு எங்க கீறா, காட்டு மா."

நான் மலையைக் காட்டினேன். சரிந்த பிறகு எடுத்த படம். பச்சை நடுவே சிவப்பாக ஒரு நாக்கு. அவள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் விரலை வைத்தாள். "இங்கயா?"

"இந்தப் பக்கம்தான் எங்கயாவது இருக்கோணும்மா."

விரல் நகர்ந்தது. "இங்கயா?"

"தெரியலைங்கம்மா."

"இன்னும் கிட்டக் காட்டு."

பெரிதாக்கினேன். சேற்றில் கிடந்த பாறைகள் தெரிந்தன. ஒரு தகரக் கூரை மடங்கிக் கிடந்தது. இன்னும் கிட்ட என்றாள். இன்னும் பெரிதாக்கினேன். பாறைகள் கட்டம் கட்டமாக உடைந்து, சிவப்பும் பழுப்புமாக வெறும் சதுரங்கள் ஆயின. அவள் முகம் திரைக்கு மிக அருகில் இருந்தது.

"இன்னும் கிட்ட."

"இதுக்கு மேல கிட்டப் போகாதும்மா."

அவள் விரலை எடுக்கவில்லை. அந்தச் சதுரங்களில் ஒன்றின்மேல் வைத்தபடியே இருந்தாள். கணினி அணைந்து திரை கறுத்தது. எங்கள் இரண்டு பேர் முகமும் அதில் தெரிந்தன. அப்போதும் எடுக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து தரை இறுகியதும் அவளை அங்கே கூட்டிப் போனேன். ரோட்டோரம், மாருதி கோயிலுக்கு அப்பால், வாடி மக்களுக்கு அரசாங்கம் புது வீடுகள் கட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் வருவது தெரிந்து கோண்டாபாய் வாசலில் காத்திருந்தாள். உன் அம்மாவும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கோண்டாபாய் உன் அம்மாவின் கையைப் பிடித்து ஓடையைத் தாண்டி நடத்திக்கொண்டு போனாள். காய்ந்த சேறு எங்கள் காலடியில் ஓடு போல ஒலித்தது. ஓரிடத்தில் நின்றாள். சுற்றிலும் பாறைகள். எனக்கு எல்லா இடமும் ஒன்றுபோலவே இருந்தது.

"இது என் வயல்," என்றாள் கோண்டாபாய். "மேல கெடக்கிறது மலையோட மண்ணு. அடியில என் வயல் இருக்கு. பள்ளிக்கூடத்துலேருந்து வந்த மண்ணு பூரா இங்கதான் வந்து நின்னுச்சு. உன் மக என்கிட்டதான் இருக்கா."

உன் அம்மா உட்கார்ந்தாள். மண்ணில் கையை வைத்துத் தடவினாள், காய்ச்சல் பார்ப்பது போல. பிறகு மராத்தியில் கேட்டாள்: "நல்லாப் பாத்துக்குவியா?"

"பாத்துக்கறேன்" என்றாள் கோண்டாபாய்.

அன்று மாலை கட்கிக்குத் திரும்பும் வழியில் பூக்கடையில் நிறுத்தச் சொன்னாள் உன் அம்மா. சாமந்தி மாலை வாங்கினாள். மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அப்போதுதான் அழுதாள்.

அதன் பிறகு நடந்தது இது. புதைந்த வயல்களை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தால் வேறு இடத்தில் விளைநிலம் தருவதாகத் திட்டம் வந்தது. நல்ல திட்டம்தான். எல்லோரும் கொடுத்தார்கள். கோண்டாபாய் கொடுக்கவில்லை. மகன்கள் மும்பையிலிருந்து வந்து சண்டை போட்டார்கள். அந்தப் பாறைக் காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டார்கள். அவள் தன் பெயரில் உள்ள சாத்பாராக் காகிதத்தை, நிலம் யாருடையது என்று சொல்லும் அந்தப் பத்திரத்தை, புடவைக்குள் செருகிக்கொண்டு, "ஆள் இருக்கிற வீட்டை யாராவது விப்பாங்களா?" என்றாளாம். அவள் இப்போது கூலிக்கு நாற்று நடப் போகிறாள். பசு இருக்கிறது. அது ஒரு கன்றும் போட்டது.

மழை பெய்யும் நாட்களில் அந்தப் புதுக் குடியிருப்பில் மணி கேட்கிறது என்கிறார்கள். அதைப் பேய் என்று யாரும் சொல்வதில்லை. பயப்படுவதும் இல்லை. கேட்டதும் மாடுகளை அவிழ்த்து ரோட்டுப் பக்கம் கட்டிவிடுகிறார்கள். அவ்வளவுதான். போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் கோண்டாபாய் எனக்குப் போன் செய்தாள். அவளை இப்போது நான் மாவ்ஷி, சித்தி, என்றுதான் கூப்பிடுகிறேன். "இரு, கேளு" என்று சொல்லிப் போனை வெளியே நீட்டினாள். நான் காதை அழுத்தி வைத்துக்கொண்டு கேட்டேன்.

"கேக்குதா?"

"மழைதான் கேக்குது, மாவ்ஷி."

"அதுக்கு அடியில."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மழைக்கு அடியிலும் எனக்கு மழைதான் கேட்டது. அந்த வாடியில் எல்லோருக்கும் கேட்கிறது. உன் அம்மாவுக்கும் ஒருமுறை கேட்டதாம். உன்னோடு ஸ்கூட்டரில் அவ்வளவு தூரம் போய் வந்த எனக்கு மட்டும் கேட்பதில்லை. பேய் பிடிக்கிறது என்கிறார்களே, நீ என்னை இப்படித்தான் பிடித்திருக்கிறாய், வராமல்.

இன்று வந்த படத்தில் என் வேலை எளிதானது. நில அளவை அலுவலகம் கேட்டபடி, புதைந்த நிலங்களின் பழைய எல்லைகளையெல்லாம் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நிலமாக, பயன்பாட்டுக்கு ஆகாதது என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு கோடாக அழித்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்தின் சதுரத்தையும் நான்தான் அழித்தேன். கோண்டாபாயின் துண்டை மட்டும் விட்டேன். அது சட்டப்படி அவளுடையது. அந்தப் பெரிய வெற்றிடத்தின் நடுவே ஒரு சின்ன நீள்சதுரம், தனித் தீவு மாதிரி நின்றது.

மத்தியானம் நில அளவை அலுவலகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். நல்ல மாதிரியான மனிதர். நடுவில் ஒரு துண்டு தவறுதலாக நிற்கிறது போலிருக்கிறதே, சேர்த்துவிடலாமா என்று இந்தியில் கேட்டார்.

"தப்பு இல்லங்க சார். அது அப்டியே இருக்கட்டும்."

"அங்கே ஒண்ணுமே இல்லையே, மேடம். வீடு இல்ல, வயல் இல்ல. யாரும் அங்கே இல்லையே?"

"இருக்காங்க சார்" என்றேன்.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அவர் அந்த மலையின் பெயரை அப்போதுதான் படித்திருக்க வேண்டும். "சரி மேடம்," என்றார், குரலைத் தாழ்த்தி. "இருக்கட்டும்."

இப்போது நான் வேலையில் மிகவும் மெதுவாகிவிட்டேன் என்று மேலாளர் சொல்கிறார். உண்மைதான். முன்பெல்லாம் செயற்கைக்கோள் படத்தில் ஒரு கூரையைப் பார்த்தால் நான்கு மூலையிலும் நான்கு சொடுக்கு, அடுத்தது. இன்று அப்படிப் போக முடிவதில்லை. ஒரு கூரையை வரைந்து முடித்ததும், அதற்கு மேலே சரிவு இருக்கிறதோ இல்லையோ, கை தானாக நின்றுவிடுகிறது. முற்றத்தைப் பார்க்கிறேன். நிழல் ஏதாவது விழுந்திருக்கிறதா, வண்டி நிற்கிறதா என்று தேடுகிறேன். அது என்றோ ஒரு நொடியில் எடுத்த படம், அதில் எதுவும் அசையாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வெளியே வரட்டும் என்று காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போகிறேன்.